டம்ளருக்குள் ரேடியோக் குமிழ்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். என் பேச்சைத்தான் கேட்பாரில்லை. நீ நடத்தும் மழலையர் பள்ளியில் என் பேத்தி சிட்டுவை நேராகப் பெரிய பிள்ளைகள் வகுப்பில் சேர்த்துக்கொள் என்று போன மாதமே எழுதினேன். "ஒண்ணர வயசுண்ணே, முதல்ல நேரா நடக்கட்டும்" என்று போனில் சிரித்தாய். சிரி. பள்ளிக்கூடப் பக்கம் போகாமலே ரேடியோவைப் பிரித்து மாட்டக் கற்றவன் நான். மூளை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

சோதனையும் நானே வைத்தேன். மூன்று டம்ளர்களைக் கவிழ்த்து, ஒன்றுக்குள் ரேடியோக் குமிழை ஒளித்து, இடம் மாற்றி மாற்றி நகர்த்துவேன். சிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். சரியான டம்ளரைத் தட்டிவிடுவாள். ஒரு நாளும் தவறியதில்லை. சும்மா இருப்பேனா? மாடி வீட்டு டாக்டரம்மாவை அழைத்து உட்காரவைத்தேன். அந்த நேரம் பார்த்து என் மகள், "அப்பா, நகத்தி முடிச்சதும் நீங்க சுவரப் பாத்துத் திரும்பிக்குங்க" என்றாள். திரும்பினேன். டம்ளர் உருளும் சத்தம். "காலி" என்றாள் மகள். இன்னொரு சத்தம். "இதுவும் காலி." திரும்பிப் பார்த்தால், சிட்டு மூன்றாவது டம்ளரைத் தொப்பியாகத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்; குமிழ் தரையில் அனாதையாகக் கிடக்கிறது. டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். "அவ டம்ளரப் பாக்கறதே இல்லப்பா, உங்க மூஞ்சியத்தான் பாக்கறா. சரியான டம்ளர் பக்கம் கை போனா உங்க இடது புருவம் ஏறுது" என்கிறாள் மகள். என் புருவமாம், ஏறுதாம். உன் அண்ணி வேற, "கல்யாணத்தன்னிக்கே அந்த மூஞ்சியில ஒண்ணும் ஏறல, இப்பவா ஏறப்போவுது"ங்கிறா. இதெல்லாம் ஒரு வீடா சொல்லு.

கூட்டத்தைக் கண்டு குழந்தை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்திருக்கிறாள். அதற்கும் அறிவு வேண்டும். ஆகவே வகுப்பில் இடம் தயாராக இருக்கட்டும்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். இடம் கொடுத்தால் உனக்கும் உண்டு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது சிட்டு தள்ளாடி வந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் அதில் ஒன்றும் காட்டவில்லை. அவள் போய்க் குமிழை எடுத்துவந்து என் கையில் திணித்தாள். இன்னும் கழற்றாத டம்ளர்த் தொப்பியைக் கழற்றி என் தலையில் கவிழ்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். உன் அண்ணிக்கு ஆயுசு முழுக்கப் படிக்க வராத பாடம் அது. மேலே எழுதியதையெல்லாம் அடித்ததாக வைத்துக்கொள். இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடு. இந்த முகத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் இன்னும் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும்.

புருவம் மட்டும் ஏறவில்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டேன்.