நாலாவது படிக்கு வைத்தியம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றேகால் மணிக்கு, மாடிப்படியில் ஒற்றைக் காலில் நின்றபடி, என் வாழ்க்கையின் மகத்தான முடிவை எடுத்தேன். இந்த வீட்டை உடனடியாக ஒரு நிபுணரிடம் காட்டியாக வேண்டும்!

ஏன் ஒற்றைக் காலில் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், விஷயம் உங்களோடு இருக்கட்டும். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பா விருந்தாளிகளின் தனிச்சொத்தாகிவிட்டது. அது சமையலறை மேல்தட்டில் இருக்கிறது. ஞாயிறு மத்தியானம் என் மனைவி மாடியில் தூங்குவாள். அவள் கண்ணசந்ததும் நான் பூனை மாதிரி இறங்குவேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது மரப்படியில் கால் பட்டால் போதும்.

"கிர்ர்ரீச்!"

உடனே மேலேயிருந்து குரல் வரும். "என்னங்க, தண்ணியா?"

"ஆமாம்மா, தண்ணிதான்."

மூன்று மாதமாக ஞாயிறு தவறாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கு எண்ணெய் விட்டேன். முகப்பவுடர் கொட்டினேன். வழுக்கி விழுந்ததுதான் மிச்சம். அன்றைக்கு நாலாவதை ஒரே தாண்டாகத் தாண்டப் பார்த்தேன். தொடை பிடித்துக்கொண்டது. அந்தக் கோலத்தில்தான் மேற்படி முடிவு பிறந்தது.

படியை மட்டும் சரிபண்ணச் சொன்னால் குட்டு உடைந்துவிடும். அதனால் மொத்த வீட்டையும் துணைக்கு இழுத்தேன்.

"ஏம்மா, வீட்ல ரிப்பேர் நிறைய சேர்ந்து போச்சு. யாராவது தெரிஞ்சவங்களைக் கூப்பிட்டு முழுசாப் பார்க்கச் சொல்லலாமா?"

அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே! குளியலறைச் சுவர் ஊறுதுன்னு அஞ்சு வருஷமா கத்தறேன். என்ன பண்ணீங்க?"

"காலண்டர் மாட்டினேனே."

"ஜன்னலைச் சாத்த முடியலைன்னேன்."

"காத்து உடம்புக்கு நல்லதும்மா."

"சமையலறைக் குழாய் ஒழுகுதுன்னேன்."

"அடுத்த மாசம்னு சொன்னேன்ல?"

"எந்த வருஷத்து அடுத்த மாசம்?"

அடுத்த சனிக்கிழமை நிபுணர் வந்தார். வீடுகளைச் சோதித்து யோசனை சொல்வதே தொழிலாகக் கொண்ட ஒரு பொறியாளர் அம்மா. கையில் டார்ச், மரச்சுத்தியல், ஈரம் பார்க்கும் ஒரு சின்னக் கருவி. குளியலறையில் காலண்டரைத் தூக்கினார். பின்னால் ஒரு பெரிய ஈரத் திட்டு, பச்சைப் பாசியோடு.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"வருஷத்துக்கு ஒரு காலண்டர் மாத்துவாருங்க. இது அஞ்சாவது" என்றாள் மனைவி.

பொறியாளர் அம்மா வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். "மழைத்தண்ணி இறங்கற குழாய் இலை அடைச்சுக் கிடக்கு. தண்ணி சுவத்துல வழியுது. முதல்ல அதைச் சுத்தம் பண்ணுங்க. சுவர் நல்லாக் காயட்டும். அப்புறம்தான் பெயின்ட். ஈரத்து மேல அடிச்சா உரிஞ்சு வந்துடும்."

ஜன்னல் மேலிருந்த விரிசலைக் காட்டி, வீடு இடிந்துவிடுமா என்று கேட்டேன். அவர் அசரவில்லை. "மேல்பூச்சுலதான். ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டுத் தேதி எழுதுங்க. ஆறு மாசத்துல கோட்டைத் தாண்டினா கூப்பிடுங்க." குழாய்க்கு வாஷர், ஜன்னலுக்கு அடியில் கொஞ்சம் இழைப்பு என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனார். எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? கடைசியில், ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, "அந்தப் படி லேசா சத்தம் போடுது, அதையும் ஒரு பார்வை…" என்று இழுத்தேன்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரிக்குள் டார்ச்சோடு புகுந்தவர், தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தார்.

"இது பழுது இல்ல சார். ஒரு ஸ்க்ரூ இல்ல. தானா விழல, யாரோ கழட்டியிருக்காங்க. கீறல்கூட புதுசா இருக்கு."

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி கூரையைப் பார்த்தாள். ஏன் கழற்றினாய் என்று நான் கேட்கலாம். உங்களுக்கு ஏன் அது உறுத்துகிறது என்று அவள் திருப்பிக் கேட்பாளே!

"ஒரு நிமிஷ வேலை. போட்டுடவா?" என்றார் பொறியாளர் அம்மா.

"வேண்டாங்க, இருக்கட்டும். திருடன் வந்தா சத்தம் கேக்கணும்ல?" என்றாள் மனைவி.

"திருடன் கீழேர்ந்துதானேம்மா மேல வருவான்?" என்றேன் நான்.

"சில திருடன் மேலேர்ந்து கீழ போறான்."

பொறியாளர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, 'படி: வீட்டம்மா விருப்பப்படி அப்படியே விடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டாக்டர் சொன்ன அன்றைக்கு இவள் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ஒரு பாட்டம் அழுதாள். எனக்குத் தெரியாதென்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். இப்படி ஒருத்தி எனக்கு வாய்த்தது என் அதிர்ஷ்டம். ஆனால் பாசம் வேறு, பிஸ்கட் வேறு.

அடுத்த இரண்டு வாரம் வீடு முழுக்கத் தூசி. கூரைக்குழாயில் இலை அள்ளியது நான். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தச்சர் முன்னால் நின்றது நான். பென்சிலில் தேதி எழுதியதும் நான்தான். அவளுடைய ஐந்து வருஷப் புகார் அத்தனையும் தீர்ந்தது. என் படி மட்டும் தினமும் கிறீச்சிட்டது.

அப்புறம் கடவுள் கண் திறந்தார். சட்டைப் பொத்தான் தேடி அவளுடைய தையல் டப்பாவைக் கிளறியபோது, நூல்கண்டுக்கு அடியில் அந்த ஸ்க்ரூ! அவள் அடுத்த வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, அலமாரிக்குள் புகுந்து, முறுக்கு முறுக்கென்று முறுக்கிவிட்டேன். ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். மூச்சுக் காட்டவில்லை.

ஞாயிறு காலையில் அவள் தையல் டப்பாவைத் திறந்தாள். கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்தாள். மூடினாள்.

"ஏங்க, ஸ்க்ரூடிரைவர் எங்க வச்சிருக்கீங்க?"

"எதுக்கும்மா?"

"தையல் மிஷின் ஆடுது."

"நான் வேணா முடுக்கித் தரவா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நீங்க பேப்பர் படிங்க."

என்ன கரிசனம்! என் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேப்பரில் மூழ்கினேன்.

மத்தியானம் மூன்றேகால். மேலே சீரான மூச்சுச் சத்தம். இறங்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு! கப்சிப். பட்டாபிஷேகத்துக்குப் போகிற ராஜா மாதிரி மிச்சப் படிகளையும் இறங்கி, கூடத்தைக் கடந்து, மூன்று மாதப் பசியோடு சமையலறைக் கதவைத் தள்ளினேன். வீடு கட்டிய நாளிலிருந்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத கதவு.

"கிர்ர்ர்ரீச்ச்ச்!"

நிமிர்ந்து பார்த்தேன். மேல் கீலில் ஒரு ஸ்க்ரூவைக் காணோம்.

"என்னங்க, தண்ணியா?"

"ஆமாம்மா, தண்ணிதான்" என்று சொல்லிவிட்டு, இரண்டு டம்ளர் பிடித்துக் குடித்தேன். குழாய் மட்டும் இப்போது ஒரு சொட்டுகூட ஒழுகுவதில்லை.