ஓடாத வீட்டுக்குள் ஒரு கேரவன்

என் மகனுக்குப் பெண் கொடுக்க வந்த மனிதரை எங்கள் வீட்டுக் கட்டில் விழுங்கிவிட்டது என்று நான் நம்பினேன். கொஞ்ச நேரம்தான். ஆனால் அதற்குள் போலீஸ், பெயில், ஊரைக் காலி செய்ய மினி லாரி என்று எல்லா ஏற்பாட்டையும் மனதுக்குள் முடித்துவிட்டேன்.

காரணம் கேரவன். உத்திரமேரூரில் கிறுக்குகளுக்குப் பஞ்சமில்லை, என்னையும் சேர்த்து. ஆனால் ஓடாத வீட்டுக்கு பிரேக் டெஸ்ட் செய்த ஆள் இந்தப் பூமியிலேயே அவர் ஒருவர்தான்.

கேரவன் என்பது ஊர் வைத்த பெயர்; சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவன் வண்டியைப் பல வருஷம் ஓட்டியவர். வண்டிக்குள் இருக்கும் கட்டில், மேஜை ரிப்பேரையும் அவரே பார்த்ததில் தச்சு வேலையும் படிந்துவிட்டது. ஊர் திரும்பியபோது வண்டி போனது, வண்டிப் புத்தி போகவில்லை. அவர் வீட்டில் அரிசி டின்னுக்கு சீட் பெல்ட் உண்டு. கரண்டிகள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். எதற்கு என்று கேட்டால், "திடீர்னு பிரேக் அடிச்சா இன்னா பண்ணுவ நைனா?" என்பார்.

வீடு எதற்கு பிரேக் அடிக்கப்போகிறது?

"எல்லாரும் மொதல்ல இப்டித்தான் சொல்லிக்கினு இருப்பானுங்க" என்று என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

பெண்ணின் அப்பா சாலவாக்கத்தில் நெல் போடுகிறவர். கதவளவு உயரம், கிட்டத்தட்ட அதே அகலம். போனில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "பசங்களுக்குன்னு தனி ரூம் கீதா?"

"கீதுங்க. ஜம்முனு கீது."

ஜம்மென்று இருந்தது, உடைந்த கிரைண்டரும் தவிட்டு மூட்டையும் குடியிருந்த பின்கட்டு அறை. கட்டில் போட்டால் கதவு திறக்காது. கதவு திறக்க வேண்டுமானால் கட்டில் கூடாது. பையனோ அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து இட்லிக்கு மோர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "ரூம் இல்லன்னு அவங்க வேணாம்னுட்டா, அந்தத் தவிட்டு மூட்ட மேலயே நீ படுத்துக்க" என்றாள் என் மனைவி. கேரவனிடம் ஓடினேன்.

அவர் வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். "இம்மாம் பெரிய எடமா! ஹீரோவும் அவரு மாமியாரும் சண்ட போட்டுக்காத குடித்தனம் பண்லாமே!"

முதலில் திறக்கிற கதவு, பக்கவாட்டில் தள்ளுகிற கதவாயிற்று. கட்டில் மடங்கிச் சுவரோடு நிமிர்ந்துகொண்டது. மடக்கினால் பீரோ மாதிரி நிற்கும், கொக்கியைத் தட்டினால் இறங்கும். உட்காரும் பலகைக்குள் துணிமணி போனது. கூரையை ஒட்டிச் சுற்றிலும் தட்டு வந்தது. பின்சுவரில் ஆளுயரக் கண்ணாடி பதித்தார். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு அறையே இரண்டு மடங்காகத் தெரிந்தது. வெளியே அந்தச் சுவரைத் தார்ப்பாய் கட்டி மறைத்துவிட்டு, "இங்க கொஞ்சம் வேல கீது. எட்டிப் பாத்த, பேஜாராயிடும்" என்றார். நான் பார்க்கவில்லை.

வேலை முடிந்ததும் என்னை நடுவில் நிறுத்தி, "பிரேக்!" என்று கத்தி முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். சுவரில் போய் முட்டினேன். அறையில் ஒரு சாமான் அசையவில்லை.

"பாத்தியா? இந்த ரூமுல லூசா இருக்கறது நீ ஒருத்தன்தான்."

பெண் வீட்டார் வந்தார்கள். பேச்சு முடிகிறவரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கிற வழக்கமில்லை. தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். என் மனைவி சுட்ட போண்டா சமையலறையில் மணந்து எல்லோரையும் சோதித்துக்கொண்டிருந்தது.

"மொதல்ல ரூமப் பாத்துடலாம்" என்று பெண்ணின் அப்பா எழுந்தார்.

"நீ குந்து நைனா, வண்டிய நான் காட்றேன்" என்று என்னை அமர்த்திவிட்டு, கேரவன் அவரைக் கூட்டிப் போய்க் கதவைத் தள்ளிச் சாத்தினார். உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

பெண்ணின் அம்மா கதவைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். சிரிப்பு தீர்ந்துபோனதும் எழுந்துபோய்க் கதவைத் தள்ளினேன்.

அறையில் யாருமில்லை. ஜன்னலில் கம்பி. கட்டில் மட்டும் சுவரோடு நிமிர்ந்து, திருப்தியாகச் சாப்பிட்ட மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"அவரு எங்கங்க?" என்றாள் பின்னால் வந்த மனைவி.

"உள்ள."

"எதுக்குள்ள?"

கட்டிலைக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கட்டிலை மரியாதையாகத் தட்டி, "ஐயா, மூச்சு வருதுங்களா?" என்றேன். "கேரவண்ணே, நீயாவது பேசேன்!" கொக்கியை ஓங்கி ஒரு குத்து விட்டேன். கட்டில் இறங்கியது. மேலே பெல்ட் போட்ட தலையணை மட்டும் இருந்தது. விழுங்கியதோடு இல்லாமல் செரித்தும் விட்டதா? எதிர்க் கண்ணாடியில் ஒரு கொலைகாரன் வியர்வை வழிய என்னையே பார்த்தான்.

அந்தக் கொலைகாரன் அப்படியே ஒருபக்கமாக நகர்ந்தான். அவன் இருந்த இடத்தில் கேரவன் தலை நீட்டினார்.

"இன்னா நைனா சத்தம்?"

கண்ணாடிதான் கதவு. "எந்த வண்டிக்கும் ரெண்டாவது வழி வேணாமா? தீப்புடிச்சா?" என்றார். முன்னால் கேட்ட 'டப்', அதைத் திறந்த சத்தம். வெளியே தார்ப்பாய் இப்போது பந்தலாக விரிந்திருந்தது. அதன் கீழே சுவரிலிருந்து இறக்கிய மடக்குப் பலகையில், சமையலறையிலிருந்து கேரவன் முன்பே கடத்தி வைத்திருந்த போண்டாத் தட்டு. தட்டுக்கு முன்னால் பெண்ணின் அப்பா. வாயில் பாதி போண்டா, விரலெல்லாம் சட்னி.

எங்கள் பின்னாலேயே வந்த பெண்ணின் அம்மா அலறினார். "இன்னா மாமா, கைய நனைச்சிட்டியே!"

மனிதர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலைல நாஷ்டா பண்ணலியே. இவரு குந்த வெச்சி நீட்டிட்டாரு..." என்றவர், சட்டென்று சுவரைக் காட்டினார். "ஆனா இது வூட்டுக்கு வெளியதான? கணக்குல வராதே?"

என் மகன் கல்யாணம் அந்தச் சுவரின் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை.

"வெளிய இன்னா வெளிய?" என்று கேரவன் கோபித்துக்கொண்டார். "பந்தலு, பலக எல்லாம் வண்டியோட சேத்தி. நீ ரூமுக்குள்ளதான் குந்தினுகீற."

பெண்ணின் அப்பா மடக்குப் பலகையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"அப்ப இன்னொரு போண்டா போடுங்க சம்பந்தி."

நடந்தது இவ்வளவுதான். கட்டில் யாரையும் விழுங்கவில்லை. பசித்த ஒரு மனிதர் பின்பக்கம் போய் போண்டா தின்றார். கல்யாணம் நடந்தது.

இப்போது சாலவாக்கத்தில் சம்பந்தி வீட்டிலும் கேரவன் ஓர் அறை முடித்திருக்கிறாராம். நாளைக்கு பிரேக் டெஸ்ட். அங்கே ஆள் இல்லாமலா? இருந்தும், தள்ளு வாங்க என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

முதல் பஸ்ஸுக்கே கிளம்புகிறேன்.