ஆம்பிளிஃபயருக்கு வந்த காய்ச்சல்

பொன்சோல் கண்ணை மூடி, மைக்கை நெஞ்சோடு அணைத்து, "உன்னைப் பிரிந்து நான்..." என்று உருகிய இடத்தில் ஆம்பிளிஃபயர் உயிரை விட்டது. நேற்றிலிருந்து இது பதினோராவது மரணம்.

டிவிக்குக் கீழே இருந்த மர அலமாரியின் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து வந்த அனலில் தாராளமாக மீன் சுடலாம். இருபத்தெட்டு வருஷம் கொரியாவின் தேகு நகரத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு, சூடேறிய இன்ஜின் வாசம் தெரியாதா? ஆனால் இது வேறு வாசம். மழையில் நனைந்த காலுறைகள் எல்லாம் ஒன்றுகூடிப் பொதுக்கூட்டம் போட்ட மாதிரி.

"யேரின் அம்மா! உள்ள என்னமோ கருகுது!"

"புதுப் பெட்டின்னா அப்படித்தான் வாசம் வரும்" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் மனைவி சுந்தோக்.

"வாங்கி ஒரு வருஷம் ஆச்சுடி!"

"ஒரு வயசுன்னா குழந்தைதானே?"

சாதாரண நாளாக இருந்தால் அவரும் விட்டிருப்பார். சனிக்கிழமை சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா தாக், பேட்டைப் பாட்டுப் போட்டியில் கிம்ச்சி ஊறுகாய்க்கென்றே செய்த ஃபிரிட்ஜைப் பரிசாகத் தூக்கி வந்தவர்.

"அப்பா, மத்தவங்க பாடுறதை வெச்சுத்தான் அவரு ஆளையே எடை போடுவாரு" என்று மகள் யேரின் எச்சரித்திருந்தாள். "பாட்டு பாதியில நின்னா முகம் சுருங்கிடும். கல்யாணத் தேதியே இன்னும் சொல்லலை, ஞாபகம் இருக்கட்டும். அப்புறம், சோங்குக்ஜாங் குழம்புன்னா அவருக்கு உயிர்."

"அதைக் கடையில வாங்கி வைக்கட்டும்" என்றார் பொன்சோல். "வெந்த சோயாவைத் துணியில மூட்டை கட்டி, மூணு நாள் கதகதப்பா வெச்சு நாற அடிக்கிற வேலை இந்த வீட்டுல கூடாது. போன தடவை உங்கம்மா என் கம்பளியில சுத்தி வெச்சா. அந்தக் கம்பளியைக் குப்பை வண்டிக்காரனே வேண்டாம்னுட்டான்!"

"நான் எதுவும் சொல்லலையே" என்றாள் சுந்தோக், மகா பணிவாக.

முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் பார்த்திராத அந்தப் பணிவைக் கண்டு மனிதர் அப்போதே பயந்திருக்க வேண்டும். பாட்டென்றாலே தலைவலி என்பவள், இந்த வாரம் மட்டும் காலை முதல் இரவு வரை ஆம்பிளிஃபயரில் வானொலியை ஓடவிட்டிருந்தாள். அதையும் அவர் யோசிக்கவில்லை.

முதல் வைத்தியமாக, ஒரு குட்டி மின்விசிறியை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். ஒரு மணி நேரத்தில் ஆம்பிளிஃபயர் பன்னிரண்டாவது முறை இறந்தது. திறந்து பார்த்தால் விசிறியின் பிளக் கழன்று கிடந்தது.

"யாரு பிடுங்கினது?"

"நான்தான். மூடின இடத்துல விசிறி ஓடினா உயிர் போயிடும்னு ஊருக்கே தெரியும்."

"அது ஆளு தூங்குற ரூமுக்கு! பெட்டிக்குள்ள யாருடி தூங்குறா?"

"யாரு கண்டா?" என்றாள் அவள், வெங்காயத்தாளை நறுக்கியபடி.

அடுத்தது ஐஸ் வைத்தியம். ஃப்ரீசரில் கைக்கு அகப்பட்ட உறைந்த பைகளை எல்லாம் அள்ளி ஆம்பிளிஃபயரைச் சுற்றி அடுக்கினார். அவற்றில் ஒன்று கணவாய் மீன். அது உருகியதும் காலுறைப் பொதுக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கியது. சுந்தோக் அலறியடித்து எல்லாவற்றையும் வெளியே இழுத்தாள். அவர் மறுபடி பார்த்தபோது, ஆம்பிளிஃபயரின் பின்பக்கம் முழுக்கத் துண்டுகள் திணிக்கப்பட்டிருந்தன.

"இது எதுக்கு?"

"வேர்த்திருந்தது. துடைச்சு விட்டேன்."

"துடைச்சியா, போர்த்தினியா?"

வெள்ளிக்கிழமை அவர் இறுதி அறுவை சிகிச்சையில் இறங்கினார். அலமாரியின் முதுகில் அண்டா அளவுக்கு ஓட்டை போட்டு, பழைய பேருந்துப் பணிமனை நண்பரிடம் வாங்கிய ராட்சத விசிறியைப் பொருத்தினார். பின்பக்கத் துண்டுகளை மட்டும் சுந்தோக் தொடவிடவில்லை. விசிறியைப் போட்டதும் அவர்கள் குடியிருந்த ஒன்பதாவது மாடி லேசாக மேலே எழும்பியது என்று எட்டாவது மாடிக்காரர் இன்றும் சத்தியம் செய்கிறார். பின்னால் போன காற்று சுவரில் மோதித் திரும்பி, நேராகச் சோஃபாவில் வந்து இறங்கியது. வாசத்தோடு.

சனிக்கிழமை மாலை அதே சோஃபாவில் சம்பந்தி தாக் அமர்ந்தார். அருகில், வந்ததிலிருந்து புன்னகையைத் தவிர வேறெதுவும் உதிர்க்காத அவர் மனைவி.

"சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு பாட்டு கேட்போமே, சம்பந்தி!"

சுந்தோக் அலமாரிப் பக்கம் ஏதோ எடுக்க ஓடினாள். அதற்குள் பொன்சோல் மைக்கைப் பிடித்துவிட்டார். "உன்னைப் பிரிந்து நான்..." பொத்தென்று மௌனம். விசிறி மட்டும் உறுமியது. வாசம் விருந்தாளிகளின் மூக்கைத் தேடி வந்தது. யேரின் முகத்தை மூடிக்கொண்டாள். தாக்கின் முகம் கல்லானது.

பொன்சோல் தலை குனிந்தார். "மன்னிக்கணும், சம்பந்தி. விசிறி வெச்சேன், ஐஸ் வெச்சேன், அலமாரியையே ஓட்டை போட்டேன். சூடு அடங்கலை."

தாக் எழுந்து வந்து அவர் இரண்டு கைகளையும் பற்றினார். கண்ணில் நீர்.

"உங்களுக்குமா? எனக்கு மூணு வருஷமா இதே கஷ்டம், சம்பந்தி! நாலு விசிறி, ரெண்டு ஆம்பிளிஃபயர் மாத்தியாச்சு. மெக்கானிக்குங்க கைவிட்டுட்டாங்க. இதே சூடு, இதே நாத்தம்! என் வலி தெரிஞ்ச ஒரே மனுஷன் நீங்கதான். அடுத்த மாசமே கல்யாணத்தை முடிச்சிடலாம்!"

ஒரே நோயில் படுத்த இருவரைப் போல அவர்கள் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

அதற்குள் சம்பந்தியம்மா எழுந்து போய் அலமாரி முன் குனிந்தார். தேடவே இல்லை. ஆம்பிளிஃபயருக்குப் பின்னால் கையை விட்டு, துண்டு சுற்றிய மூட்டை ஒன்றை வெளியே இழுத்து அவிழ்த்தார். நூல் நூலாய் இழுபட, பக்குவமாகப் புளித்த சோயா.

முகர்ந்து பார்த்துவிட்டு, சுந்தோக்கைச் செல்லமாகக் கடிந்துகொண்டார்:

"பின்னாடியா வைக்கிறீங்க, சம்பந்தியம்மா? நான் ஆம்பிளிஃபயர் தலைமேலேயே வெச்சிடுவேன். இவரு விசிறி வைக்கும்போதெல்லாம் பிளக்கை மட்டும் மறக்காம பிடுங்கி விட்டுடணும்!"