விசேஷம் இல்லாதவர் அடித்த அழைப்பிதழ்

ஐம்பதுகளில் சிங்கப்பூரில் பிறந்த, காது குத்திக்கொண்ட, கல்யாணம் செய்துகொண்ட, காலமான எந்தத் தமிழனும் பார்டரின் கைக்குத் தப்பியதில்லை. பிறந்தவனுக்குப் பூப்போட்ட பார்டர், மணந்தவனுக்கு மயில் போட்ட பார்டர், போய்ச் சேர்ந்தவனுக்குக் கட்டைவிரல் பருமனில் கறுப்பு பார்டர். தேக்காவில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் அவர்; பார்டர் என்பது நாங்கள் வைத்த பெயர். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நான் அங்கே புரூப் பார்ப்பவன். பிழைகளைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கினேன். அச்சான பிறகு கண்டுபிடிப்பது என் வழக்கம்.

வெறும் ஓரத்தைப் பார்த்தால் பார்டருக்குப் பொறுக்காது. தோசை வந்தால் முதலில் ஓரத்தைச் சுற்றிக் கிள்ளித் தின்றுவிட்டு, நடுவில் மிஞ்சியதைச் சுவரில் மாட்டிய படத்தைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பார். மரண அறிவிப்பு கொடுக்க வருபவர்களிடம், "அப்பாருக்கு எத்தனை வயசு? எண்பதா? ரெட்டைக் கோடு போட்டுடலாம், வாழ்ந்த மனுஷன்" என்பார். அழுதுகொண்டு வந்த மகன், போன வருஷம் சித்தப்பாவுக்குப் போட்டதைவிட அகலமாக இருக்கட்டும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போவான்.

அச்சகத்தின் மாடியில் ஓர் அறையில் அவர் தனியாக இருந்தார். ஊரில் யாருமில்லை, இங்கேயும் யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமை அச்சகம் பூட்டியிருக்குமே, என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"திங்கக்கிழமை வர்ற வரைக்கும் இருப்பேன் சார்."

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அச்சுக்காரர்கள் சங்கம் ஆண்டுதோறும் ஒரு விருந்து வைத்துப் பரிசு கொடுக்கும். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோருடைய அச்சகங்களும் போட்டி போடும். நல்ல காலண்டருக்கு ஒரு கோப்பை, நல்ல லேபிளுக்கு ஒன்று, நல்ல அழைப்பிதழுக்கு ஒன்று. மூன்றாவது கோப்பை பார்டருக்கு வேண்டும்.

முதல் தடவை ஓர் அழகான கல்யாணக் கார்டு செய்து அனுப்பினார். மணமகன், மணமகள், இரு வீட்டார், மண்டபம் எல்லாமே அவருடைய கற்பனை. சங்கத்தின் விதியோ, வாடிக்கைக்காரருக்கு அடித்து, ஊருக்குக் கொடுத்த கார்டுதான் போட்டிக்கு வரலாம் என்பது. சங்கத்தின் செயலாளர் ஒரு சீனர், மரியாதை தெரிந்தவர். கார்டு கைக்கு வந்துவிட்டதே என்று, அதிலிருந்த இங்கிலீஷ் வரிகளைப் படித்து, கோட்டு மாட்டி, சிவப்பு உறையில் அன்பளிப்பு வைத்துக்கொண்டு, குறித்த நேரத்துக்குக் கல்யாணத்துக்கே போய்விட்டார். மண்டபம் என்று போட்டிருந்த இடத்தில் ஒரு மரக்கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் அங்கே இருந்தது நாய் மட்டும். அது மரியாதை தெரியாதது.

கார்டு தள்ளுபடியானது. மறு வருஷம் பார்டர் என் மேஜைக்கு வந்தார்.

"சார், இந்தத் தடவை நானே வாடிக்கைக்காரன். என் கார்டு, என் விசேஷம்."

"என்ன விசேஷம்?"

"அதான் அகப்படல. கல்யாணத்துக்குப் பொண்ணு வேணும். காது குத்துக்குக் காது வேணும்."

"புதுமனை புகுவிழா?"

"அதே ரூமுலதான் இத்தனை வருஷமாக் கெடக்கேன். இனிமே எங்க புகுறது?"

"அறுபதாம் கல்யாணம்?"

"அதுக்கும் பொண்டாட்டி வேணும்லா. வயசு வேற பத்தல."

ஊருக்கெல்லாம் விசேஷம் கோத்துக் கொடுத்தவருக்கு, தனக்கென்று ஒன்று தேடினால் கையில் எதுவும் தட்டுப்படவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டுப் புரூப்பை நீட்டினார். "வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அச்சகத்தின் மாடியில் தேநீர். விசேஷம் ஒன்றுமில்லை. வரவும்."

சும்மா இருந்தால் சம்பளம் செரிக்காதே என்று, கடைசி வார்த்தையை "வந்து வாழ்த்தவும்" என்று மாற்றினேன்.

"வாழ்த்த என்ன சார் இருக்கு? வந்தாப் போதும்" என்று அவர் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டார்.

அந்தக் கார்டின் பார்டரை எழுத்தில் சொல்ல எனக்குத் திறமை போதாது. துண்டு துண்டான ஈயப் பூக்களைக் கோத்து, இரண்டு நிறத்தில் ஒரு மல்லிகைப் பந்தலே போட்டிருந்தார். ஆனால் தேக்காவில் யாரும் பந்தலைப் பார்க்கவில்லை. "விசேஷம் ஒன்றுமில்லை" என்ற வரியைத்தான் பார்த்தார்கள்.

"விசேஷம் இல்லாம எவனாச்சும் கார்டு அடிப்பானா? மனுஷன் என்னமோ மறைக்கிறாரு" என்றார் எதிர்க்கடை நகை ஆசாரி.

அன்று சாயங்காலத்துக்குள் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன. ரகசியக் கல்யாணம் என்றது ஆசாரியின் கட்சி. ஒரேயடியாக ஊருக்குக் கப்பல் ஏறுகிறார் என்றது எங்கள் முதலாளி கட்சி. டாக்டர் கைவிட்டுவிட்டார் என்பது சாப்பாட்டுக்கடைக் கட்சி. கார்டு கிடைக்காதவர்கள் மாடியேறி, "எங்களையெல்லாம் மறந்தாச்சா?" என்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி கொள்ளாத கூட்டம். ஆசாரி குத்துவிளக்கு கொண்டுவந்தார். முதலாளி புது டிரங்குப் பெட்டி. சாப்பாட்டுக்கடைக்காரர் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும்.

"பொண்ணு எந்த ஊரு?" என்றார் ஆசாரி காதோடு.

"டீ ஆறுது, சாப்பிடுங்க."

"கப்பல் என்னிக்கு?" என்றார் முதலாளி.

"சக்கரை போதுமா மொதலாளி?"

சாப்பாட்டுக்கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. பார்டரின் தோளைத் தொட்டார், திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

செயலாளரும் வந்தார், வாசலில் நாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. இருவரும் பாசார் மலாயில், அந்தக் கடைத்தெரு மலாயில், பேசிக்கொண்டார்கள். "யாருக்கு விசேஷம்?" என்று கேட்டார் அவர். "எனக்குத்தான்" என்றார் பார்டர். "என்ன விசேஷம்?" பார்டர் கூட்டத்தைக் காட்டினார். செயலாளர் திருப்தியாகத் தலையசைத்து, நாளையே கடைசி நாள், போட்டிக்கு ஒரு கார்டு கொண்டுவாருங்கள் என்றார்.

திங்கட்கிழமை காலை பார்டர் மேஜை இழுப்பறையைத் திறந்தார், மூடினார், திறந்தார். கார்டு இல்லை. அச்சகத்துக்கென்று எடுத்துவைக்கும் பிரதிகளையும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டிருந்தார். எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போட்டாயிற்று. மறுபடி அடித்தால் அது யாரையும் கூப்பிடாத கார்டு, விதிக்கு ஒத்துவராது.

"என்னோடதைக் கொடுத்துடலாம்" என்றேன்.

"வேணாம் சார்."

"கார்டுதானே?"

"கூப்பிட்டுட்டு, கார்டைத் திருப்பி வாங்கினா, வந்தவங்களை எழுந்திரிச்சுப் போன்னு சொல்ற மாதிரி சார்."

சங்கத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னோம்; செயலாளரும் தன்னுடைய கார்டை எடுத்து நீட்டிப் பார்த்தார். பார்டர் இரண்டு கையாலும் அதை அவர் பக்கமே தள்ளிவிட்டார். அழைப்பிதழ்க் கோப்பை ஏதோ ஒரு கிளப்பின் நடன விருந்துக் கார்டுக்குப் போனது. சங்கத்தின் விருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் பார்டர் கைதட்டிக்கொண்டிருந்தார். முழங்கையால் இடித்து நிறுத்தினேன்.

அடுத்த வருஷம் அவர் கார்டு அடிக்கவில்லை. "ஒரு தடவை கூப்பிட்டோம், வந்தாங்க. வருஷா வருஷமா ஜனங்களைத் தொந்தரவு பண்றது?" என்று சொல்லிவிட்டார். போன வருஷம் கூப்பிட்ட அதே ஞாயிற்றுக்கிழமை வந்தபோது எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. போனேன். அறை பூட்டியிருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் செயலாளர் வந்து, படியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு ஆசாரி. எங்கள் மூவருக்கும் பொதுவான பாஷை அதிகமில்லை, ஆகவே சிகரெட் பிடித்தோம்.

இருட்டும் நேரத்துக்குப் பார்டர் வந்தார், கையில் ஒருவருக்கான சாப்பாட்டுப் பொட்டலத்துடன். படியில் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாரு கூப்பிட்டா உங்களை?"

"யாரும் கூப்பிடல" என்றார் ஆசாரி.

பார்டர் எங்களைத் தாண்டி மேலே ஏறினார். கதவைப் பார்த்து நின்றபடி சட்டைப் பையில் சாவியைத் தேடினார், கால்சட்டைப் பையில் தேடினார், மறுபடி சட்டைப் பையில் தேடினார். சாவி அவர் கையிலேயே இருந்தது. நாங்கள் யாரும் சொல்லவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பும் வரை எங்களுக்கும் அவசரமில்லை.