ஆய்வகத்துக்குப் போன கஷாயம்

கண்ணாடித் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார் மாப்பிள்ளை. கஷாயத்தில் நனைத்து வைத்த காகித வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம். வட்டத்துக்குள் ஒரு கிருமிகூட உயிரோடு இல்லை.

கிருமி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் வேறு எவராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார். இவருக்கோ கிருமிகள் பிழைத்தாக வேண்டும். கல்யாணமான புதிதிலிருந்து தினமும் காலையில் மாமியார், தோட்டத்து வேலி இலையில் காய்ச்சிய அந்தப் பச்சைக் கஷாயத்தை ஒரு டம்ளர் நீட்டுகிறார். வீட்டில் வேறு யாருக்கும் கிடைக்காத மரியாதை. முதல் மடக்கிலேயே நாக்கு சுருண்டுவிடும். வேண்டாம் என்று சொல்லலாம்தான். ஆனால் வீட்டோடு மாப்பிள்ளைக்கு ஏது மாப்பிள்ளை முறுக்கு?

"இதுல மருந்துக் குணமே இல்லைன்னு ஆய்வகமே சொல்லிடுச்சு அத்தை" என்று பழியை அறிவியல் தலையில் போட்டுத் தப்பிக்கத்தான் அதைப் புட்டியில் ஊற்றிக்கொண்டு வந்திருந்தார்.

தண்ணீர் விட்டு நீர்க்க வைத்துப் பார்த்தார். அப்போதும் செத்தன. எந்த மருந்துக்கும் அடங்காத முரட்டுக் கிருமி ஒன்று ஆய்வகத்தில் இருந்தது. கூடப் பிறந்த தம்பியைப்போல் அதை நம்பினார். மறுநாள் அது இருந்த இடம் தெரியவில்லை.

தட்டை ஒளித்து வைக்கப் போனபோது துறைத்தலைவி பார்த்துவிட்டார்.

"என்ன இலை இது?"

"வீட்ல... மாமியார் காய்ச்சினது மேடம்."

"யாராவது குடிக்கிறாங்களா?"

"நான்தான்."

அவ்வளவுதான். அன்று மாலையே துறைத்தலைவி வீட்டுக்கு வந்து மாமியாரின் கைகளைப் பிடித்துக்கொண்டு பாராட்டித் தள்ளினார். குடிப்பவர் உடம்பைத்தான் அடுத்து ஆராய வேண்டும், அதனால் மாப்பிள்ளைக்கு இனி காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் தரவேண்டும் என்றார். ஒன்றிலிருந்து தப்பிக்கப் போய் இரண்டில் மாட்டினார் மாப்பிள்ளை.

மாமியாருக்கோ முகமெல்லாம் சிவந்துவிட்டது. "நீங்களே சொல்லிடுங்க" என்று கணவரிடம் முணுமுணுத்தார்.

வாயைத் திறப்பதே அபூர்வமான மாமனார், பேப்பரை மடித்து வைத்தார்.

"அது தரை துடைக்கக் காய்ச்சி வச்சது மாப்ளே. கல்யாணத்துக்கு மறுநாள் நீங்களா எடுத்துக் குடிச்சிட்டு, ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னீங்க; உங்களுக்குப் பிடிச்சதைத் தராம இருக்க அவளுக்கு மனசு வரலை."