படிக்கட்டில் பதிவான புகார்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விசாரிப்பு இவ்வளவுதான், இன்று எனக்குக் கோபம்.

என் மாடி அறையை உன் மகளுக்குக் கொடுத்தது வேலைக்குப் போய்வர. அவளோ இரண்டு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு, நாட்டுப்புறப் பாட்டைக் கணினி இசையோடு கலக்கும் குழு தொடங்கி, முதல் இசைத்தொகுப்பையும் அங்கேயே ஒலிப்பதிவு செய்தாள். அவர்கள் மேளம் அடித்த அடியில் கீழே என் கண்ணாடி அலமாரி தானாக நகர்ந்தது. தரையில் கோடு போட்டு அளந்தேன்: எட்டு நாளில் இரண்டு விரற்கடை. தட்டிக்கேட்க வேண்டாமா? என் சுபாவம்தான் உனக்குத் தெரியுமே. முப்பத்தாறு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன். ஒத்திகை பார்க்காமல் எனக்கு வாய் திறக்காது. படிக்கட்டில் நின்று சொல்லிப் பார்ப்பேன். "அம்மா, சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா..." இல்லை, இல்லை, அது சரியில்லை. "சத்தம் தாங்கல." இல்லை, இல்லை, அது சரியில்லை. ஏழாம் படிவரை ஏறுவேன், இறங்கிவிடுவேன். இப்படிப் பதினொரு நாள். அங்கே எதிரொலி நன்றாக இருக்கிறதென்று அவர்கள் ஒலிவாங்கி வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

தொகுப்பின் நான்காவது பாட்டு நான்தான்! அதை மட்டும் முன்கூட்டியே வெளியிட்டும் விட்டார்கள். பாட்டின் உறையில் என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? "பரம்பரைப் பாடல். இயற்றியவர் தெரியவில்லை." கீழ்வீட்டில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன்!

நேற்று மருந்துக்கடையில் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். "இல்லை, இல்லை, அது சரியில்லை" என்றேன். கடைக்காரர் மேசையில் தாளம் தட்ட ஆரம்பித்துவிட்டார். "சார், அது நீங்கதானா! எம் பொண்ணு பல்லு விளக்கும்போதுகூட அதைத்தான் பாடுறா!" பின்னால் நின்ற நாலு பேர் சேர்ந்து பாடினார்கள். மாத்திரை வாங்காமலே வந்துவிட்டேன். ஒருவனுடைய பதினொரு நாள் கோழைத்தனத்துக்கு மேளம் கட்டி ஊரைக் கேட்க வைப்பது நியாயமா, சொல்லு!

ஞாயிற்றுக்கிழமை முழுத் தொகுப்பும் வெளியாகிறது. அதற்குள் நீ அவளைக் கூப்பிட்டு அந்தப் பாட்டை எடுத்துவிடச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

நோய்நொடி இல்லாமல், முடிந்தால் சத்தமும் இல்லாமல், நீங்கள் நீடூழி வாழ வாழ்த்தும்,
அண்ணன்

பி.கு: இந்தக் கடித உறையை ஒட்டப்போகும்போது அவளே இறங்கி வந்தாள். "மாமா, பேரு போட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் போடல. பிடிக்கலேன்னா பாட்டையே தூக்கிடறோம். ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றாள். சொல்லத்தான் வாயெடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒத்திகை இல்லாமல் பேசிவிட்டேன். "நாலாவதா எதுக்கும்மா வச்சிருக்கீங்க? முதல்ல வச்சா என்ன?"

நீ அவளைக் கூப்பிட வேண்டாம்.