ரோஸ்ற்: நான்கு பொருள், ஐம்பது நிமிடம்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்பு நீங்கள் கூற வேண்டியதில்லை. அது ஊர்காவற்றுறை இறங்குதுறையில், முப்பது பேர் முன்னிலையில், மேன்முறையீட்டுக்கு இடமின்றி வழங்கப்பட்டுவிட்டது. நான் சொல்வதில் மிகை இல்லை என்பதற்கு மட்டும் சாட்சியாக இருங்கள். (இருந்தால் அது தொழிற்பழக்கம். பொறுத்தருள்க.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வேலணையில் வெங்காயமும் புகையிலையும் பயிரிட்ட சைவக் குடும்பத்தில், அவ்விரண்டுக்கும் உதவாத ஒரே பிள்ளை நான். தீவகத்தில் எங்கே மேடை கட்டினாலும் அதன் மேல் நின்றேன். விவாதப் போட்டிகளில் வென்ற வெள்ளிக் கிண்ணங்கள் எங்கள் அலுமாரியை நிறைத்தன. அவற்றுள் ஒன்றில் என் தாயார் வெந்தயம் போட்டு வைத்திருந்தார். என் பேச்சால் அந்த வீட்டுக்கு விளைந்த பயன் அதுவே.

என் நண்பன் அருளப்பு, ஊர்காவற்றுறையில் தலைமுறைகளாகக் கடற்றொழில் செய்துவரும் கத்தோலிக்கக் குடும்பத்தவன். அவனுடைய தங்கை பிலோமினாவுக்கும் நெடுந்தீவு மாப்பிள்ளை ஒருவருக்கும் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு அவன் என் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்தான்.

“மச்சான், ரோஸ்ற் சொல்ல இருந்த தபால் மாஸ்டருக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. நீதான் வந்து சொல்லவேணும்.”

ரோஸ்ற் (இந்தியாவில் டோஸ்ட் என்பார்கள்) சொல்வதென்றால், தேவாலயத்தில் தாலி கட்டியபின் பந்தலில் ஒருவர் மணமக்களை வாழ்த்துவதும், அதன்பின் எல்லோரும் வைன் பருகுவதும் என்ற அளவில் அறிந்திருந்தேன்.

“ரெண்டு நிமிசம் காணும்,” என்றான் அருளப்பு. “பூசையிலை நற்கருணை வாங்கிறதுக்காகச் சனம் வெறுவயித்தோடை வரும். பன்னிரண்டுக்கு முதல் பொம்பிளை மாப்பிள்ளையோடை வள்ளம் வெளிக்கிடவேணும். சோளகக் காத்துக் காலமெல்லே? மத்தியானம் கடந்தால் காத்து எழும்பிடும், நெடுந்தீவுக்கு ஓடேலாது. அங்கை பின்னேரம் ஊருக்கே சாப்பாடு.”

“ஓம், நீ கவலைப்படாதை,” என்றேன்.

இரண்டு நிமிடமா! இரண்டு நிமிடத்தில் நான் அவைத்தலைவரை விளித்துக்கூட முடித்ததில்லை.

கத்தோலிக்கத் திருமணம் எதையும் நான் அதுவரை கண்டதில்லை. ‘அங்கே நான் என்ன செய்ய வேண்டும்?’ என்று அருளப்புவைக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்பது மற்றவர் தொழில், சொல்வது என் தொழில் என்று கருதியிருந்த காலம் அது. எனவே அகராதியை நாடினேன். அகராதியோ என் ஆணவத்துக்கு அள்ளித் தந்தது. நெருப்பில் வாட்டிச் சிவக்க வைத்த பாண் (இந்தியாவில் பிரெட்) துண்டு ஒரு பொருள். குளிருக்குக் கால்களை அனலில் காட்டுவது இன்னொரு பொருள். கிண்ணம் உயர்த்தி ஒருவர் நலம் வேண்டிப் பருகுவது மூன்றாவது. ஊரே புகழும் பேரழகி நான்காவது. குசினி அடுப்பில் பிறந்த சொல்லொன்று மணப்பந்தல் ஏறியது எவ்வாறு? பழங்கால ஆங்கிலேயர் வாட்டிய பாணை மதுவில் மிதக்கவிட்டுப் பருகினராம்! இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் அடக்குவது அறிவுக்குச் செய்யும் துரோகம் என்று முடிவு செய்தேன்.

திருமண நாளும் வந்தது. பூசை முடிந்து, பந்தலில் எல்லோர் கையிலும் வைன் கிளாஸ் கொடுக்கப்பட்டது. வெளிநாட்டுச் சரக்கு வராத காலமாதலால், வீட்டில் ஊறவைத்த முந்திரிகை (திராட்சை) வைன். எனக்கும் ஒன்று நீட்டினார்கள். மதுவைத் தொடாத மாண்பு அவைக்குப் புலப்படுமாறு, அதைப் பின்னாலிருந்த மேசையில் வைத்துவிட்டு முன்னே வந்தேன்.

“பெருமதிப்புக்குரிய சுவாமியார் அவர்களே!” என்றேன்.

கதிரைகள் பின்தள்ளப்படும் ஓசை எழுந்தது. பந்தல் முழுவதும் எழுந்து நின்றது. மணமக்கள் நின்றனர், பெண்ணின் மாமன் முழங்கால் வாதத்தோடு ஊன்றுகோலில் நின்றார், பூசை வைத்த சுவாமியாரும் நின்றார். இத்தகைய மரியாதை எனக்கு எந்த மேடையிலும் கிடைத்ததில்லை. ‘அமருங்கள்’ என்று சொல்லும் பணிவு அன்று என்னிடம் இல்லை. ரோஸ்ற் சொல்பவர் வாய் திறந்ததும் எழுந்து, அவர் கிளாஸை உயர்த்திய பின்பே ஒரு வாய் பருகி அமர்வது அவர்களது வழக்கம் என்பதை அறியாமல், என் புகழ் கடல் வரை பரவியிருக்கிறதென்று நம்பினேன்.

முதற்பொருளான பாணைத் தொட்டேன். பாணுக்காக விடியுமுன் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் சனம் வரிசையில் நின்ற காலம் அது. அந்தச் சனத்தின் முன், அதுவும் வெறுவயிற்றோடு நின்ற சனத்தின் முன், பாண் எப்படிப் பொன்னிறமாகச் சிவக்கும், அதன்மேல் வெண்ணெய் எப்படி உருகி வழியும் என்று பத்து நிமிடம் வருணித்தேன். முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். உருக்கம் என்று எண்ணினேன்.

“ஆகவே...” என்று குரலை உயர்த்தினேன்.

நூறு கிளாஸ்கள் ஒருசேர உயர்ந்தன.

“...இனி இரண்டாம் பொருளுக்கு வருவோம்!”

நூறு கிளாஸ்களும் மெல்லத் தாழ்ந்தன.

இது கத்தோலிக்கர் கைதட்டும் முறை போலும் என்று மகிழ்ந்தேன். அதன்பின் நான் ‘ஆகவே’களைச் சிக்கனம் செய்யவில்லை. ஒவ்வோர் ‘ஆகவே’க்கும் கிளாஸ்கள் ஏறின, இறங்கின. ஏழாவது ‘ஆகவே’யில் பெண்ணின் மாமன் ஏறிய கையை இறக்கவே இல்லை.

“மச்சான்... வள்ளம்...” என்று அருளப்பு பல்லுக்குள் முனகினான். அவனை நோக்கிக் கனிவுடன் தலையசைத்தேன்.

மூன்றாம் பொருளின் நடுவில், வள்ளம் ஓட்டும் தண்டையல் மரியாம்பிள்ளை பந்தலுக்குள் நுழைந்தார்.

“தம்பி, காத்து எழும்புது.”

எதிரணியின் இடைமறிப்பைச் சந்திப்பதில் நான் பெயர் பெற்றவன். “இடைமறித்த அன்பருக்கு இறுதியில் தக்க பதில் இறுப்பேன்!” என்றேன்.

“எனக்குப் பதில் வேண்டாம் தம்பி. உம்மாலை ஏலுமெண்டால் அந்தக் காத்துக்குச் சொல்லும்.”

பந்தலில் யாரோ சிரித்தார். அச்சிரிப்பை அடக்கும் பொருட்டு நான்காம் பொருளைப் பதினைந்து நிமிடம் விரித்துரைத்தேன். மணமகளே இத்தீவின் பேரழகி என்று நிறுவினேன். அந்தப் பேரழகியோ முதல்நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பருகாமல், கணவன் தோளில் சாய்ந்து நின்றாள். நாணம் என்று அதையும் பேச்சில் சேர்த்துக்கொண்டேன்.

கடைசியில், “வாழ்க மணமக்கள்! நன்றி, வணக்கம்!” என்று முழங்கிவிட்டு, கதிரையில் கம்பீரமாக அமர்ந்தேன்.

ஒருவரும் அமரவில்லை. ஒருவரும் பருகவில்லை. நூறு பேரும் கிளாஸோடு என்னையே பார்த்தபடி நின்றனர். என் உள்ளம் பூரித்தது. நன்றி கூற மறுபடியும் எழுந்தேன்.

மணநாளில் பெண் வாய் திறப்பது அழகல்ல என்று அவளுக்குப் புத்தி சொல்லியிருப்பார்கள். ஆயினும் பிலோமினா திறந்தாள்.

“அண்ணை! பேசினது காணும். கிளாஸைத் தூக்குங்கோ!”

திரும்பிப் பார்த்தேன். என் கிளாஸ் மேசையிலேயே இருந்தது. அதற்குள் மூன்று ஈக்கள், என்னைப் போலவே, ஆழம் அறியாமல் இறங்கியிருந்தன. அதை எடுத்து உயர்த்தினேன். நூறு பேர் ஒரே மடக்கில் பருகினர். நூறு பேர் ஒரே நேரத்தில் அமர்ந்தனர். மாமனின் கதிரை முறிந்தது.

அன்று வள்ளம் வெளிக்கிடவில்லை. வெளியே கடல் வெள்ளையாய் நுரைத்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேரும் பிலோமினா வீட்டிலேயே தங்க நேர்ந்தது. நெடுந்தீவில் சமைத்து வைத்த விருந்தை நெடுந்தீவாரே உண்டு முடித்தனர். ‘பொம்பிளையும் மாப்பிள்ளையும் இல்லாதது ஒண்டுதான் குறை, மற்றும்படி திறமான கலியாணம்’ என்று பின்னர் அங்கிருந்து செய்தி வந்தது.

இன்று என் வீட்டில் நான் தொண்டையைச் செருமினால் போதும். மனைவியும் மக்களும் தண்ணீர்ச் செம்போடு எழுந்து நிற்பார்கள். ‘ஆகவே’ என்றால் செம்புகள் உயரும். பிலோமினா வரும் நாளில் அயலவரும் சேர்ந்து எழுவார்கள்.

ஆனால் வாசகரே, நீங்கள் சாட்சியாக நிற்க வேண்டிய இடம் மறுநாட் காலைத் துறை. மணமக்களும் முப்பது பேரும் வள்ளத்தில் ஏறி அமர்ந்திருந்தனர். மன்னிப்புக் கோரவென இரவெல்லாம் தயாரித்த உரையோடு நான் கரையில் நின்றேன்.

“பெருமதிப்புக்குரிய...” என்றேன்.

முப்பது பேரும் வள்ளத்துக்குள் எழுந்து, வெறுங்கைகளைக் கிளாஸ் ஏந்தினாற்போல் உயர்த்தினர். வள்ளம் ஒரு பக்கம் சரிந்தது. பிலோமினா வீரிட்டாள்.

“இருங்கோ! பிரளப்போகுது!” என்று அவர்களை அமரச் சொல்லித் தண்டையல் அலறினார். பின் என் பக்கம் திரும்பி, “தம்பி, நீர் ஒரு வாக்குத் தந்தால்தான் இவை இருப்பினம். கெதியாச் சொல்லும்!” என்றார்.

தயாரித்த உரை முழுவதும் கடலில் விழ, என் வாழ்நாளின் மிகச் சிறிய சொற்பொழிவைத் துறை முழுவதும் கேட்க ஆற்றினேன்:

“ஐயோ, இருங்கோ! இனி ஆரும் நிக்க நான் பேசமாட்டன்!”